வீடு பார்க்க வந்தவர்கள்

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி
1912 ஜனவரி 19

கர்த்தருக்குள் பிரியமான ஜெபராணி அக்காவுக்கு, உங்கள் சித்தப்பா மகள் ஞானசௌந்தரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

அக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். இஸ்ரவேல் அத்தானுக்கும் வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் தூங்கின பிறகு, சிம்னி விளக்கைத் துணிப்பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது இருமினாலும் ஊதி அணைத்துவிடுகிறேன். இதற்குள் இரண்டு தடவை அணைத்தாயிற்று.

நீங்கள் மாத்தளைக்குக் கப்பலேறியபோது நான் சிறுபிள்ளை. என் முகம்கூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எங்கள் அம்மாவும் தவறிய பிறகு உங்கள் அப்பாதான் என்னை இங்கே கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். உங்களுக்கு வரும் கடிதங்களைப் பெரியப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. உங்கள் கடிதங்களையும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

வீட்டை விற்றுவிட்டு உங்களிடம் வருவதாகப் பெரியப்பா எழுதச் சொன்னார் அல்லவா. அதிலிருந்து வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் எனக்கு நிறைய வேலை. மருந்துக் குப்பிகளைப் பரணில் ஏற்ற வேண்டும். தைல வாடை போக அடுக்களையில் சாம்பிராணி போட வேண்டும். பெரியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கால் வீக்கம் தெரியாமல் சேலையை இழுத்துவிட வேண்டும். "நோயாளி கெடந்த வீடுன்னு வெலைய கொறைப்பாவட்டி" என்று பெரியம்மா சொல்வார்கள். பெரியப்பா சுவரைத் தொட்டுக்கொண்டே முன்னால் போய், கண் தெரிகிறவர்போல, இது கதவு, இது ஜன்னல் என்று காட்டுவார். ஒருநாள் ஜன்னல் என்று சுவரைக் காட்டிவிட்டார். வந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அப்படிச் சிரித்தது டவுனில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சியின் சம்சாரம். ஆனால் அவர்களுக்கு வீடு பிடித்திருந்தது. முன்பணம் கொடுக்க நாள் பார்த்து, வெற்றிலைத் தட்டோடு மறுபடியும் வந்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இறைத்துவரச் சொன்னார்கள் பெரியம்மா. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அவர்கள் வாசலில் கால் வைக்கிற நேரமும் நான் வெறுங்குடத்தோடு குறுக்கே வந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. அந்த அம்மாள் அண்ணாச்சியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னொரு நா வாரோம் வாத்தியாரையா" என்று அண்ணாச்சி சொன்னார். அப்புறம் வரவேயில்லை.

பெரியப்பா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு செம்புக் கொடத்துக்குப் பயந்து ஓடுதான் பாரு, இத்தன பெரிய ஆம்பள" என்றார். நான் வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. அந்தத் தடவை சத்தியமாக இல்லை.

பிறகு சேரன்மகாதேவியிலிருந்து ஒரு நிலக்காரர் வில்வண்டியில் வந்தார். நெற்றி நிறைய விபூதி. வண்டிச் சத்தம் கேட்டதும் நான் குடத்தில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று, அவர் இறங்கும்வரை காத்திருந்தேன். அவரும் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் கேட்காதீர்கள். வீடு விற்கத் தாமதமானால் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா? அதை மட்டும் எழுதுங்கள்.

பதிலை மேலப்பாளையம் ஆசியா உம்மாள் பேருக்குப் போடுங்கள். முட்டை கொண்டுவருகிறவர். என்னிடம் பிரியமானவர், ஒன்றும் கேட்கமாட்டார்.

இப்படிக்கு
சௌந்தரி


மாத்தளை
1912 ஜனவரி 30

ஏட்டி சௌந்தரி,

அடுப்பில் போடச் சொன்னாய். உடனே போடவில்லை. "கால் வீக்கம் தெரியாமல்" என்று எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. பிறகுதான் போட்டேன்.

உன் கையால் எழுதி வந்த ஒவ்வொரு கடிதத்திலும் "இவ்விடம் யாவரும் சுகம்" என்றுதானே இருக்கிறது? அம்மாவுக்கு எப்போதிருந்து வீக்கம்? முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அவர்கள் சொல்லாததையும் நீ எழுது. இதுவரை ஒளித்து எழுதப் பழகிவிட்டாய் அல்லவா, இனி எனக்காக ஒளித்து எழுது.

கஷ்டமா என்று கேட்டாய். சொல்கிறேன், கேள்.

அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி உன் அத்தானைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் என் பேரைச் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். ஆறு வருஷம் அப்படியே இருந்தது. இங்கே எனக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் பக்கத்தில் அம்மா இல்லை. தோட்டத்து மருத்துவச்சி ஒருத்திதான் இருந்தாள். இப்போது சித்திரையில் மறுபடியும் பிரசவம். இந்த நிலையில் கப்பலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் நானே வந்து வாசலில் விழுந்திருப்பேன். போன ஆவணியில் எப்படியோ அப்பா மனம் இளகி, நாங்களே வருகிறோம் என்று எழுதினார். அந்தக் கடிதத்தையும் நீதானே எழுதினாய்?

அத்தான் வீட்டோடு சேர்த்து ஒரு அறை எடுத்திருக்கிறார். மழையில் சுவர் இன்னும் காயவில்லை. அப்பா தொட்டுப் பார்த்து நடக்க வசதியாக அடுக்களைவரை ஒரு கயிறு கட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போதுமா கஷ்டம்? பங்குனிக்குள் அம்மா இங்கே இருக்க வேண்டும். வீடு விற்றால்தான் அங்குள்ள கடனை அடைத்துவிட்டு அப்பா கிளம்புவார். அவர் ரோஷம் உனக்குத் தெரியும்.

இனி யாராவது வந்தால் நிறைகுடத்தோடு போய் நில். ஒன்றுக்கு இரண்டு குடமாகத் தூக்கு. வருகிறவர் மெச்சிப் போகட்டும்.

காரணம் கேட்காதே என்றாய். கேட்கத்தான் செய்வேன். எதற்குட்டி இப்படிச் செய்தாய்?

ஜெபராணி


பாளையங்கோட்டை
1912 பிப்ரவரி 9

பிரியமான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? சித்திரையில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு நீங்கள் தனியாகச் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள் போல. தலையணைக்கு அடியில் ஏதோ தைத்து ஒளித்து வைப்பார்கள். நான் பார்த்தால் "சும்மா கைக்குட்டைட்டி" என்பார்கள்.

பெரியம்மாவின் கால் முழங்காலுக்கு மேலும் வீங்கியிருக்கிறது. படுக்க முடியவில்லை. சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். இதை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதையும் உடைத்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். வீடு விற்றால் என்னை ஸ்ரீவைகுண்டத்துக்கு, தானியேல் மாமா வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. மாமாவின் மச்சினனுக்கு முதல் மனைவி தவறிப்போய்விட்டாள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாமா என் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இனி எதுக்கு, வாழைத்தோட்டத்துல காக்கா வெரட்டவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் பரீட்சை எழுதினால் நான் வாத்திச்சியாகப் படிக்கலாம் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார்கள்.

அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது.

இனி நடந்ததைக் கேளுங்கள். மேலப்பாளையத்திலிருந்து தாஜ் முகம்மது என்று ஒரு ஜவுளி வியாபாரி வந்தார். அவருக்குக் குடம் எல்லாம் ஒன்றுமில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். பெரியப்பா மறுபடியும் சுவரைக் காட்டி ஜன்னல் என்றார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பெரியப்பா கை காட்டிய பக்கமே போய், சுவருக்கு முன்னால் நின்று, "நல்லா காத்து வருது வாத்தியாரையா" என்றார். பெரியப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அக்கா. இவர் வாங்கிவிடுவார் என்று தெரிந்துபோயிற்று.

புறவாசலைக் காட்ட நான்தான் கூட்டிப்போனேன். "எங்க வீட்டுப் பொம்பளையளுக்குக் கெணறு உள்ளயே இருக்கணும். கோடையில தண்ணி நிக்குமா புள்ள?" என்று கேட்டார்.

சித்திரை பிறந்தால் வற்றிவிடும் என்றேன். மிச்சம் கிடக்கிற தண்ணீரும் உப்பு என்றேன்.

நம் கிணறு வற்றி யாரும் பார்த்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும். அவர் கிணற்றைப் பார்த்தார், கிணற்றடி வாழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி புள்ள" என்றார். பெரியப்பாவிடம் சலாம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

தாஜ் முகம்மது போனதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "போகும்போது அவர் மொகம் எப்படிம்மா இருந்தது? நீதான எனக்குக் கண்ணு" என்று கேட்டார். மனமில்லாத முகம் என்றேன். அது பொய்யில்லை.

அன்று மாலை பெரியப்பா ஜெபத்தை முடித்தார். பிறகு பெரியம்மாவிடம் சொன்னார். "சாலோமி, நான் கர்த்தர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருந்தேன். நாம போறது அவருக்குச் சித்தம்னா, வாற மூணு பேர்ல ஒருத்தர் வாங்கணும்னு. மூணு பேரும் திரும்பிட்டாவ. அவர் சொல்லிட்டாரு."

பெரியம்மா, "நாலாவதா ஒருத்தன் வரமாட்டானா" என்றார்கள்.

"பெத்த மகள ஆறு வருசம் பேர் சொல்லாம வச்சிருந்தேன். இப்ப போயி அவ கையில சோறு வாங்கித் திங்க ஒனக்கு என்ன யோக்கியதைன்னு கேக்காரு. சரியாத்தான கேக்காரு."

வீடு விற்பனைக்கு இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பெரியம்மா தலையணைக்கு அடியிலிருந்ததை எடுத்து மடியில் வைத்து, தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். ஒரு சின்னச் சட்டை, கை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

அக்கா, அவர் கேட்டதற்குப் பதில் சொன்னது கர்த்தர் இல்லை. நான். இதைவிடப் பெரிய பாவம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டாலும் எனக்கு வார்த்தை வரவில்லை. அவருடைய குரலை நான் எடுத்துக்கொண்டேனே, அவர் என் குரலை எப்படிக் கேட்பார்?

சௌந்தரி


மாத்தளை
1912 பிப்ரவரி 18

சௌந்தரி,

முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்த வார்த்தைகளை நீ வாசிக்காமல் இருப்பது நல்லது. அத்தானிடம் காட்டவில்லை. அழுததற்குப் பல்வலி என்று சொன்னேன். உன்னால் நானும் பொய் சொல்லப் பழகியாயிற்று.

உன் பெரியப்பாவை என்னவென்று சொல்ல. அண்ணாச்சி குடத்தைப் பார்த்துத் திரும்பினார் என்று விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சியின் முதுகைப் பார்த்து இவர் திரும்பிக்கொண்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதிரே இருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் இன்னொரு ஆறு வருஷம் என் பேர் சொல்லாமல் இருந்திருப்பார்.

ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை, யோக்கியதை இல்லை என்பது, என்னைத் தூங்கவிடவில்லை. அவர் கடிதங்களில் ஒருதரம்கூட அப்படி எழுதச் சொன்னதில்லையே. என்மேல் கோபம் தீராமல்தான் சுருக்கமாக எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. வீட்டை விற்றுவிட்டுச் சீக்கிரம் வாருங்கள் என்று அவர்களுக்குப் பதில் எழுதியவள் நான். அதை எழுதும்போது அந்த வீட்டில் நீ ஒருத்தி இருக்கிறாய் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. என் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியதே நீதான் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. உன்னை வெளியேற்றும் கடிதத்தை உன் வாயாலேயே வாசிக்க வைத்தேன். நீ செய்தது சரி என்று சொல்லமாட்டேன். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஊருக்குள் பெண்களுக்கு ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிறது. உன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியாது. அப்பா சம்மதிப்பாரா என்றும் தெரியாது. இதை நம்பி நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையைச் சொன்னால் உனக்கு நல்லது நடக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்கே அனுப்பினாலும் அனுப்புவார்.

ஆனால் நீ அவரிடம் சொல்ல வேண்டும். கர்த்தர் அவரைத் தள்ளிவிட்டார் என்ற நினைப்போடு அந்த மனிதரைச் சாகவிடக் கூடாது.

நானே எழுதிச் சொல்லலாம். ஆனால் அதை வாசிக்கப்போகிறவளும் நீதானே. தாண்டி வாசித்தால் எனக்கு எப்படித் தெரியும்? அதுவுமல்லாமல், நான் இஸ்ரவேலைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்பதை அப்பாவிடம் நான் சொல்வதற்கு முன்னால் வேறு ஒருவர் போய்ச் சொல்லிவிட்டார். அதைத்தான் அவர் அந்த ஆறு வருஷமும் மன்னிக்கவில்லை. "ஏன் நீ சொல்லல" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்வி உனக்கு வர வேண்டாம்.

அப்பா பேருக்கும் இதே தபாலில் ஒரு கடிதம் போடுகிறேன். தாளின் மறுபக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும்: "சௌந்தரி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம், கோபப்படாமல் கேளுங்கள்." உன் குற்றம் எதுவும் அதில் இருக்காது. அந்த வரியை நீ வாசித்தால் போதும். வாசித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியாது.

ஜெபராணி


பாளையங்கோட்டை
1912 பிப்ரவரி 27

அக்கா,

நான் அந்த வரியை வாசிக்கவில்லை.

பெரியப்பாவுக்கு வந்த கடிதத்தை இன்று சாயங்காலம் பட்டாசல் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். முன்பக்கம் முழுவதும் வாசித்தேன். மழை, காயாத சுவர், அத்தான் கட்டப்போகிற கயிறு எல்லாம். அந்தக் கயிற்றைப் பற்றி வாசித்தபோது பெரியப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் "ஸ்தோத்திரம்" என்று நானாகச் சொல்லி முடித்துவிட்டேன். மறுபக்கம் இருக்கிறது என்று கை அறிந்தது, திருப்பவில்லை. தாளைக் கொடு என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எப்போதும் அப்படி வாங்கி வைத்துக்கொள்வதுதான்.

வாசித்துவிடலாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தேன். அதற்குள் வேறு ஒன்று நடந்தது. அதைக் கேட்டபின் எனக்குத் தைரியம் போய்விட்டது.

காலையில் முட்டை கொண்டுவந்தபோது ஆசியா உம்மாளைப் புறவாசலில் நிறுத்தி, தாஜ் முகம்மது மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா, நம் கிணறு வற்றாது, நல்ல தண்ணீர் என்று, எனக் கேட்டேன்.

"அது அவுஹளுக்குத் தெரியுமே புள்ள" என்றார்கள்.

எப்படித் தெரியும் என்றேன்.

"உப்புத் தண்ணி குடிச்சா அந்த வாழை இந்த மாதிரி தார் போடும்? அவுஹ என்ன கண்ணில்லாதவுஹளா? வீட்டுக்கு வந்து சொன்னாவளாம், வாத்தியார் நல்ல மனுசன், எங்க ஆளுஹளுக்கு விக்க மனசில்ல, மொகத்துக்கு நேரா சொல்ல வெக்கப்பட்டுப் புள்ளயச் சொல்லச் சொல்லிருக்காருன்னு. அதான் பேசாம வந்துட்டாவ."

நான் அப்படி இல்லை என்றேன். யாரும் சொல்லித்தரவில்லை என்றேன்.

"பொறவு நீயாவா சொன்ன?"

நான் முட்டைகளை எண்ணத் தொடங்கினேன். ஆசியா உம்மாள் கூடையைக் கீழே வைத்தார்கள். "வீடு அவுஹளுக்கு இன்னும் வேணும்தான். ஆனா இனி அவுஹளா வரமாட்டாவ. வாத்தியார் வாயால வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லணும். நான் போயி என்னத்தச் சொல்ல? முட்டைக்காரி பேச்சு எடுபடுமா? உள்ள போ. போயி பைய சொல்லு. அந்த மனுசன் ஒன்ன அடிச்சா போடப்போறாரு?" என்றார்கள்.

அடித்தால் பரவாயில்லையே அக்கா.

பெரியப்பா கை காட்டிய வெறும் சுவருக்கு முன்னால் நின்று காற்று வருகிறது என்று சொன்ன மனிதர் அவர். அப்படிப்பட்டவருடைய மனதில் பெரியப்பாவைக் கெட்டவராக்கி அனுப்பினேன். பெரியப்பாவுக்கோ கர்த்தரையே கோபக்காரராக்கிக் காட்டினேன். பெரியம்மா சட்டையை முழுதும் பிரித்துவிட்டார்கள். துணியை மட்டும் மடித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி மூச்சுவிடும் சத்தம் இந்த அறைவரை கேட்கிறது. இப்போதும் கேட்கிறது. நீங்கள் அங்கே தோட்டத்து மருத்துவச்சியோடு தனியாக இருக்கிறீர்கள். இத்தனையும் நான் ஒரு பரீட்சை எழுதுவதற்காக.

நாளைக்குக் காலை ஜெபத்துக்குப் பிறகு சொல்வேன் என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுதிவிட்டால் சொல்லித்தான் தீர வேண்டும் அல்லவா? ஆனால் இதே மாதிரி போன வாரமும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பெரியப்பா தூங்கவில்லை. பட்டாசலில் கைத்தடிச் சத்தம் கேட்கிறது. நடந்து, நின்று, மறுபடி நடக்கிறார். தாளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் கடிதம் வந்த நாளில் அப்படித்தான் செய்வார். நீங்கள் பேனாவை அழுத்தி எழுதுகிறவராம், எழுத்து கைக்குத் தெரியுமாம்.

அக்கா, அப்படியானால் மறுபக்கத்து வரியும்

சத்தம் என் கதவுக்கு நேரே வந்து நின்றிருக்கிறது. கதவைத் தட்டுகிறார்.

"சௌந்தரி, முழிச்சிருக்கியாம்மா? நீ தாளைத் திருப்புன சத்தம் எனக்குக் கேக்கலையே. ராணி கடுதாசியில பின்னால ஒரு வரி மிச்சமிருக்குல்லா?"

விளக்கை அணைக்கவில்லை, அக்கா. எழுந்து